மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில் ஒரு ராஜ குடும்பம்

மருத்துவர் இரவில் வரமாட்டார்.
அவர் கையெழுத்து முன்பே வந்து மேசை இழுப்பில் கிடக்கும்.
சங்குண்ணி கயிறு பிடிப்பார். நான் பதிவேடு.

இன்று பொள்ளாச்சிச் சந்தை.
லாரிகள் பதினொன்றுக்கு மேல்தான் எல்லை தொடும்.
அதுவரை மாட்டு அனுமதிச் சீட்டின் முதுகில்
நார்மன்களை வரைகிறேன்.
அஞ்சல்வழி எம்.ஏ., நான்காம் தாள், சனிக்கிழமை.

உச்சியில் ரோலோ. கப்பலில் வந்த கொள்ளைக்காரன்,
நிலம் கொடுத்து அடக்கினார்கள், பிரபு ஆனான்.
கீழே வில்லியம். அவன் கீழே ரிச்சர்ட்,
அவன் கீழும் ரிச்சர்ட், அவன் கீழும்.
பெயருக்கு அப்படி ஒரு பஞ்சம் அந்த வீட்டில்.
கடைசி ரிச்சர்டின் தம்பிக்குத்
தாலி கட்டாதவள் பெற்ற ஒருவன்
கடல் தாண்டி இங்கிலாந்தை எடுத்துக்கொண்டான்.
அந்த இடத்தில் புள்ளிக்கோடு போடச் சொல்கிறது பாடம்.

அவன் பிள்ளைகளில் ஒருவன் வேட்டையில் போனான்.
இன்னொருவனும் வேட்டையில், அதே காட்டில்.
மூத்தவனைச் சிறையில் வைத்துவிட்டு மிஞ்சியவன் ஹென்றி.
ஹென்றிக்குப் புள்ளிக்கோடுகளே இருபதுக்கு மேல்,
சீட்டின் அகலம் போதவில்லை.
நேர்க்கோட்டில் இரண்டு பேர்: மட்டில்டா, தம்பி.

தம்பி ஏறிய கப்பல் நவம்பர் இருட்டில் பாறையில் மோதியது.
பிழைத்தவன் பாக்கி வசூலிக்க ஏறியிருந்த ஒரு கசாப்புக்காரன்.
ஆட்டுத்தோல் உடுத்தியிருந்தானாம்,
குளிர் உள்ளே போகவில்லை.

இதை மீராசா ராவுத்தரிடம் சொன்னேன்.
கொழிஞ்சாம்பாறையில் கடை. தன் லாரிக்காக
வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.
"வசூல் ஆச்சா அவனுக்கு?"
அது புத்தகத்தில் இல்லை.

ராஜ்யம் மகளுக்கு என்றார் ஹென்றி.
பிரபுக்களை நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினார்.
அவர் கண் மூடியதும் கடல் தாண்டி ஓடி வந்து
முடி சூடிக்கொண்டவன் ஸ்டீபன், உடன்பிறந்தாள் மகன்.
சத்தியம் செய்தவர்களில் அவனும் உண்டு.
அந்தக் கப்பலில் ஏறியவன்தான்,
வயிற்றுப்போக்கு என்று இறங்கிவிட்டான்.

சங்குண்ணி சீட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.
"பெங்ஙளுடெ மகனல்லே? பின்னெ எந்தா கேஸ்?
எங்க தறவாட்டில் அப்படித்தான் இருந்தது.
மகளுக்கு அப்பன் சொத்தில் என்ன?"

சாவடிக்கு இந்தப் பக்கம் இருபதடியில் அவன் வாரிசு.
அந்தப் பக்கம் இருபதடியில் திருடன்.

ஆனைமலையில் இரண்டு ஏக்கர் தென்னை.
பதினாலு பேர் முன்னால் எனக்கென்று சொன்னார் அப்பா.
காரியம் முடிந்து பதினேழாம் நாள்
பெரியப்பா மகன் காகிதத்தோடு வந்தான்.
என் பெயருக்கு நேரே 'திருமணமாகிச் சென்றவர்'.
எங்கே சென்றேன்? பதினெட்டு கிலோமீட்டர்.

ஸ்டீபனின் உரிமையை ஆராய்க. பதினைந்து மதிப்பெண்.

பன்னிரண்டேகாலுக்கு லாரி வந்தது.
கணக்கு இருபத்திரண்டு. எண்ணினால் ஒன்று கூடுதல்.
ஈரம் காயாத கன்று,
மற்றவற்றின் கால்களுக்கிடையே எழுந்து விழுந்துகொண்டு.
"எங்கேப்பா போட்டுது?"
"பாலம் ஏறும்போது கத்துச்சுங்க.
இந்தப் பக்கமா அந்தப் பக்கமானு பார்க்கலை."

ராவுத்தர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
நெடுநேரம் பேசவில்லை.
"ரெண்டையும் இறக்குங்க. தரகன்கிட்ட
வசூல் பண்ணிக்கறேன்" என்றார்.
வசூல் ஆகாது என்பது அவருக்கும் தெரியும்.

சங்குண்ணி சாக்கால் கன்றைத் துடைத்தார்.
நான் பதிவேட்டைத் திறந்தேன்.
தாய்: காது வில்லையில் பாதி எண் தேய்ந்திருக்கிறது.
தகப்பனுக்கு எங்கள் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

மேசையில் வேறு சீட்டு இல்லை.
வரைந்ததைத் திருப்பி இருபத்தொன்று என்று எழுதி,
கையெழுத்துக்குப் பக்கத்தில் முத்திரை குத்திக் கொடுத்தேன்.
ஓட்டுநர் அதை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ரோலோ முதல் மட்டில்டா வரை
மாடுகளோடு கேரளத்துக்குள் போகிறார்கள்.
சனிக்கிழமைக்குள் மறுபடி வரைய வேண்டும்,
கொஞ்சம் அகலமான காகிதத்தில்.